புதன்கிழமை பிளாப்பி

பல மாதங்களுக்கு, மாதத்தின் முதல் புதன்கிழமை காலையில், வாசல் தெளித்துக் கோலம் போட்ட கையோடு நான் செய்த முதல் வேலை ஒரு ஆன்ட்டி வைரஸை அணைத்துவிட்டு இன்னொன்றை எழுப்பிவிடுவது. அணைப்பது இலவசமாக வந்தது. எழுப்புவது காசு கொடுத்து வாங்கியது. மத்தியானத்துக்குள் ஒருவர் வந்து போவார். அவருடைய மொபெட் தெருமுனை திரும்பியதும் எல்லாவற்றையும் மறுபடி மாற்றி வைப்பேன். இதைப் படிக்கிறவர்களுக்கு எங்களுக்கு ஏதோ கிறுக்கு என்று தோன்றலாம். கிறுக்கு இல்லை, மரியாதை. கோயமுத்தூரில் சில சமயம் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் நாங்கள் டிடிபி கடை வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, பில் புக், விசிட்டிங் கார்டு என்று எது வந்தாலும் ஒரே கம்ப்யூட்டரில்தான் தட்டவேண்டும். தட்டுவது நான். அதை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு அலைவது என் வீட்டுக்காரர். கடைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான் உண்டு. அதனால் கடைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்த விருந்தாளிதான். விருந்தாளியை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். தாளிக்கிற வாசம் வரும்போது ஒரு மனிதரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு 'சாப்பிடுறீங்களா' என்று கேட்காமல் இருக்க என் வீட்டுக்காரரால் முடியாது. பில் கேட்டு வருகிற கரண்டு ஆபீஸ்காரரைக்கூட ஒரு தடவை சந்தவை சாப்பிட வைத்து அனுப்பினார்.

அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில்தான் எங்கள் பிழைப்பு முழுவதும் இருந்தது. முந்தைய வருஷம் யாரோ கொண்டுவந்த பிளாப்பியில் இருந்த வைரஸ் புகுந்து, வைகாசி முகூர்த்தத்துக்கு அடித்து வைத்திருந்த பத்திரிகைகளை எல்லாம் தின்றுவிட்டது. பெண் வீட்டுக்காரர்கள் வந்து கடை வாசலில் நின்றபோது நான் திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆன்ட்டி வைரஸ் விற்கிறேன் என்று யார் வந்திருந்தாலும் காலில் விழுந்து வாங்கியிருப்போம்.

வந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். வெள்ளைச் சட்டை, கருநீலக் கழுத்துப்பட்டை, காலில் ரப்பர் செருப்பு. இருபது வருஷம் ஒரு மில்லின் டைம் ஆபீஸில் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். ஒரு வெளியூர்க் கம்பெனி இங்கே கிளை திறந்து ஆள் எடுத்தபோது இவரை எடுத்துக்கொண்டது. கம்பெனி கொடுத்த விசிட்டிங் கார்டை நீட்டினார். கார்டை நான் தொழில் கண்ணோடுதான் பார்ப்பேன். கம்பெனியின் பெயர் பட்டை பட்டையாக நாலு கலரில் இருந்தது. ஆளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளிக்கோடு. அதன்மேல் அவரே பால்பாயிண்ட் பேனாவால் தன் பெயரை எழுதியிருந்தார். ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள் என்று கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எனக்கு அந்தப் புள்ளிக்கோட்டைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அவருக்குக் கம்ப்யூட்டர் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பது உட்கார்ந்த உடனேயே தெரிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்ததை மனப்பாடமாக, வாய்க்குள் முணுமுணுத்தபடி, ஒவ்வொரு விசையாகத் தேடி அழுத்தினார். நடுவில் நாம் ஏதாவது கேட்டுவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பிளாப்பியை அவர் கொண்டுவருகிற விதம்தான் எனக்குப் பிடித்துப்போனது. பையிலிருந்து சாப்பாட்டு டப்பா ஒன்றை எடுத்தார். சாப்பிடப் போகிறாராக்கும், தட்டு எடுத்து வரலாமா என்று நான் எழுந்தேன். மூடியைத் திறந்தால் உள்ளே துவைத்து மடித்த கைக்குட்டை, அதற்குள்ளே பிளாப்பி.

"மழ, தூசி ஒண்ணும் அண்டாதுங்க அம்மணி" என்றார். "மாசம் ஒருக்கா புதுசு கொண்டாந்து போட்டுட்டுப் போயிருவனுங்க. வருசம் பூரா நம்ம பொறுப்பு."

ஆனி மாதத்தில் ஒரு வருஷத்துக்குப் பணம் கட்டினோம். மாதத்தின் முதல் புதன்கிழமை வருவது என்று வழக்கமானது. வந்தால் முதலில் ஒரு சொம்பு தண்ணீர். சிறுவாணித் தண்ணீரை அவர் குடிக்கிற மாதிரி ரசித்துக் குடிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. அதன்பிறகு டீ. டீ குடிக்கும்போது ஒரு தடவை சாதாரணமாகச் சொன்னார்.

"வருசம் முடியறப்ப எத்தன பேரு திரும்பக் கட்டறாங்களோ, அத வெச்சுத்தானுங்க எனக்கு வேல. பாதிப் பேரு கட்டலீன்னா ஊட்டுக்குப் போவச் சொல்லிருவாங்களாமா." புகார் மாதிரி இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பது போலச் சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தார். நான் பிடுங்கி வைத்தேன். அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்த வருஷம் அது.

இப்படி இருக்கும்போது புரட்டாசியில் இலவசம் வந்தது. நாங்கள் வேலை கொடுக்கிற அச்சகத்தின் முதலாளி கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குகிறவர். அதோடு ஒட்டி வந்த சிடியில் ஒரு ஆன்ட்டி வைரஸ் இருந்தது, வீட்டுக்கும் சின்னக் கடைக்கும் சும்மாவே போட்டுக்கொள்ளலாமாம். தன்னுடைய மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டு எங்களுக்கும் கொடுத்தனுப்பினார். சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த வெளிச்சம் எங்கள் கல்யாண போட்டோவில்கூட இல்லை.

போட்டேன். போட்டதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. 'மணமகள்' என்று தட்டினால் 'ம' வந்து, நான் ஒரு வாய் காப்பி குடித்து, அப்புறம் 'ண' வந்தது. திடீரென்று ஒரு சிவப்புப் பெட்டி எழும்பியது. காசு கொடுத்து வாங்கியதன் கோப்பில் வைரஸ் இருக்கிறது என்று சும்மா வந்தது கத்தியது. அதை மூடினால் சும்மா வந்ததில்தான் வைரஸ் என்று மற்றது கத்தியது. ஒரே கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளும் ஒருவரை ஒருவர் குறை சொல்வது மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தபோது சும்மா வந்ததுதான் லேசாக ஓடியது. எழுத்து விரலோடு வந்தது. அதுமட்டுமில்லை, எப்போதோ வந்து ஒளிந்திருந்த ஒரு பழைய வைரஸையும் இழுத்து வெளியே போட்டது. காசு கொடுத்து வாங்கியது மூன்று மாதமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கண்டுகொள்ளவில்லை.

"அப்ப இதையே வெச்சுக்கலாம்" என்றேன். "அத எடுத்தெறிஞ்சுரலாம்."

"எறிஞ்சுரலாம். புதங்கெழம அண்ணன் வந்து கேட்டாருன்னா?" என்றார் வீட்டுக்காரர்.

"வேண்டாம்னு சொல்லணும்."

"ஊட்டுக்கு வர்ற மனுசங்கிட்ட உங்க சாமான் ஆகாதுன்னு எப்படிக் கண்ணு சொல்றது?"

"வாயத் தொறந்துதானுங்க."

"அப்ப நீயே சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டு அச்சகத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபிசெட்டிபாளையத்தில் நான் பிறந்த தெருவில் அதற்குப் பேர் போனவள். சொல்லிவிடுவது என்றுதான் அந்தப் புதன்கிழமை தயாராக இருந்தேன். வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து மழை அடித்துப் பெய்தது. அவர் சொட்டச் சொட்ட வந்து வாசலிலேயே நின்று, கழுத்துப்பட்டையைக் கழற்றிப் பிழிந்தார். பிழிந்துவிட்டு அதையே மறுபடி கட்டிக்கொண்டார். பிறகு டப்பாவைத் திறந்தார். உடம்பில் காய்ந்த இடம் ஒன்றில்லை, பிளாப்பி மட்டும் காய்ந்து கிடந்தது. நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எங்கே போயின என்று தெரியவில்லை. துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் புதன்கிழமைக் கூத்து. இரண்டும் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். மற்ற நாளெல்லாம் சும்மா வந்தது காவல் இருக்கும், அவர் வருகிற அன்றைக்கு மட்டும் அதைத் தூங்க வைத்துவிட்டு அவருடையதை எழுப்பி வைப்போம். என் நாத்தனார் கொடுத்த சுவர்க் கடிகாரம் ஒன்று எங்கள் பரண்மேல் இருந்தது. மணிக்கு ஒரு தடவை குருவி கத்தும். நாத்தனார் வருகிறார் என்று தெரிந்தால் இறக்கி மாட்டுவோம், போனதும் ஏற்றிவிடுவோம். அதே வித்தைதான். ஒவ்வொரு தடவையும் நான் தலையில் அடித்துக்கொள்வேன். வீட்டுக்காரர் மட்டும், "ஒரு மனுசன் வெசனப்படாம இருக்கோணும்னா நாம கொஞ்சம் பாடுபட்டா என்ன?" என்பார். பாடுபடுவது நான் என்பதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு இந்தச் சிக்கல் சாமி வரைக்கும் போனது. கம்ப்யூட்டர், பிரிண்டர், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முடித்தாயிற்று. கம்பெனி கொடுத்த முதல் பிளாப்பிக்கும் வீட்டுக்காரர் ஒரு பொட்டு வைத்தார். சிடியைக் கையில் எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"காவல் காக்கறது இதுதான?" என்று என்னைக் கேட்டார். சொல்லிக்கொண்டே பிளாப்பியைப் பார்த்தார், அது கேட்டுவிடும் என்பது போல. கடைசியில் சிடியின் உறைக்கு உள்பக்கத்தில், வெளியே தெரியாமல், ஒரு பொட்டு வைத்தார்.

மாட்டிக்கொண்டது ஐப்பசியில். அந்த மாதம் புதன்கிழமை ஏதோ விசேஷம் இருந்ததால் அவர் முந்தின நாளே வந்துவிட்டார். நான் உள்ளே கச்சாயத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?" என்று குரல் கேட்டது. யாரோ பத்திரிகை அடிக்க வந்தவர் என்று நினைத்து, "உக்காருங்க, இதா வாரேன்" என்று கத்திவிட்டேன். பாகைப் பாதியில் விட முடியுமா? இறக்கி வைத்துவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்தால் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். திரையின் மூலையில், மணி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், சும்மா வந்ததன் பச்சைப் பொட்டு ஜம்மென்று எரிகிறது. அவர் கம்பெனியின் பூட்டுப் படம் இருக்கவேண்டிய இடம் காலி.

நான் திருதிருவென்று விழித்தபடி நின்றேன். கரண்டியிலிருந்து பாகு தரையில் சொட்டியது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்க அம்மணி" என்றார்.

நான் உள்ளே போய் எடுத்து வந்தேன். குடித்தார். டப்பாவைத் திறந்து, பிளாப்பியைப் போட்டு, வழக்கமான முணுமுணுப்போடு வேலையை முடித்து, "ஆச்சுங்க, போயிட்டு வாரனுங்க" என்று கிளம்பிவிட்டார். கச்சாயம் கட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தானே.

வீட்டுக்காரர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "பாத்திருந்தா சொல்லியிருப்பாருல்ல?" என்றார், பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்லாத மனிதர். கண்ணாடி கழற்றியிருந்ததால் தெரிந்திருக்காது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். அப்படி முடிவு செய்தால்தானே தூக்கம் வரும்.

அடுத்த மாதம் டப்பாவில் இரண்டு பிளாப்பி இருந்தது. "அப்டேட் பெருசாயிப்போச்சுங்க அம்மணி, ஒண்ணுல அடங்க மாட்டேங்குது" என்றார். சரி, வைரஸ் பெருகினால் மருந்தும் பெருகத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். இன்னொரு வழக்கமும் புதிதாக வந்தது. முன்பெல்லாம் வந்ததும் தண்ணீர் கேட்பவர், இப்போது முதல் பிளாப்பி முடிந்து இரண்டாவதைப் போடும்போது கேட்டார். நான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அதுவும் முடிந்திருக்கும். ஆளுக்கு விரல் வேகம் வந்துவிட்டது என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

தை பிறந்து முகூர்த்த வேலை தலைக்குமேல் போனபோது மறுபடி ஒரே பிளாப்பி. கம்பெனி அச்சடித்து ஒட்டுகிற லேபிளும் அதில் இல்லை, பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தது. கழுத்துப்பட்டையும் காணோம்.

"என்னங்கண்ணா, டை கட்டுலீங்களா?" என்று கேட்டேன்.

"வெய்யக்காலம் வருதுல்லங்க" என்றார். தை மாதத்துக் குளிரில் வாசல்படியில் வெயில் தேடி உட்கார்ந்துகொண்டு அவர் அதைச் சொன்னார். நான் டீ போடப் போய்விட்டேன். வேலை அதிகம் இருக்கும்போது எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும், மண்டை செய்யாது.

பங்குனியில் ஒருநாள் பில் புக் அடிக்க வந்தவர் கொடுத்த பிளாப்பியைப் போட்டதும் சும்மா வந்தது சிவப்புப் பெட்டி காட்டியது. ஏதோ புதுப் பெயர். சுத்தம் செய்யவா என்றது, செய் என்றேன். அத்தோடு மறந்துவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில், சித்திரை முகூர்த்த அவசரத்தில், ஒருநாள் காலையில் அச்சக முதலாளி கடைக்கு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஏனுங்க அம்மணி, உங்க கம்ப்யூட்டரு எந்திரிச்சுதுங்களா?" என்று கேட்டார். அவருடையது பொத்தானை அழுத்தினால் வெறும் கருந்திரையாம். காந்திபுரத்தில் தெரிந்த கடைகளிலும் அப்படித்தானாம். ஏதோ ஒரு வைரஸ் மாதக்கணக்காக உள்ளே படுத்திருந்து, அந்த ஒரு தேதியில் எழுந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். கொஞ்சநேரம் உறுமியது. பிறகு பிள்ளையார் படம் போட்ட எங்கள் திரை வந்தது. அடித்து முடித்த பத்திரிகைகள், பாதியில் நின்ற பத்திரிகைகள், எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. நான் அந்த மேஜையின்மேல் தலையை வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதேன்.

வீட்டுக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. "சும்மா வந்தது பாரு, என்ன காவல் காத்திருக்குது!" என்று தெருமுனைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அச்சக முதலாளியிடம் இருந்ததும் அதே சிடிதானே. அவர் கொடுத்துத்தானே நாங்கள் போட்டோம். அதைக் கேட்டபோது, "அவரு ஏதாச்சும் தப்பாப் போட்டிருப்பாரு" என்று முடித்துவிட்டார். வேலை கழுத்தை நெரித்தது. நானும் விட்டுவிட்டேன்.

ஆனி நெருங்கியது. வருஷம் முடிகிறது. திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்ற பேச்சை நாங்கள் இருவரும் மாறி மாறித் தவிர்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கம்பெனிச் சரக்கு எங்களுக்குத் தேவையில்லை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாதிப் பேர் கட்டாவிட்டால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. முன்பே ஒரு மில் அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் பழகின வேலையை விட்டு, தெரியாத விசைகளைத் தேடித் தேடி அழுத்தக் கற்றுக்கொண்ட மனிதர். இரண்டாவது தடவையும் அனுப்பினால் அவர் எங்கே போவார்?

கடைசியில் சொன்னது நான்தான். "கட்டிரலாமுங்க. நமக்கு வேண்டாம், அவருக்கு வேணுமில்ல." வீட்டுக்காரர் என்னை அப்படிப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து நான் வேண்டாத சாமானுக்குக் காசு கொடுக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்தப் புதன்கிழமை ஒப்புட்டுச் சுட்டேன். காலையில் வழக்கம்போலப் பச்சைப் பொட்டை அணைத்துப் பூட்டுப் படத்தை எழுப்பி வைத்தேன். மஞ்சள் தடவிய கவரில் பணத்தை வைத்துத் தட்டில் வைத்தோம். அவர் வந்து, வேலையை முடித்து, ஒப்புட்டைச் சாப்பிட்டுக் கை கழுவினதும், வீட்டுக்காரர் தட்டை நீட்டினார்.

"அண்ணா, அடுத்த வருசத்துக்குங்க."

அவர் கையை நீட்டவில்லை. ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் கவனித்தேன், பேண்ட்டுக்குப் பதிலாக அன்றைக்கு வேட்டியில் வந்திருந்தார்.

"வேண்டாங்க தம்பி. கம்பெனியே இல்லீங்க. தை மாசமே இங்கத்த ஆபீச மூடிட்டுப் போயிட்டாங்க."

முதலில் வாய் திறந்தது நான். "அப்பறம் மாசாமாசம் வந்து என்னத்தங்கண்ணா போட்டுட்டுப் போனீங்க?"

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். "உங்களதுதானுங்க. அந்தப் பச்சப் பொட்டு."

ஐப்பசியில் அவர் பார்த்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லையாம். "வெசனமாத்தானுங்க இருந்துச்சு. பொறவு யோசிச்சுப் பாத்தேன். நாம வர்ற அன்னைக்கு நம்ம மனசு நோவக்கூடாதுன்னு இத்தனை பாடுபட்டு மாத்தி வெக்கறாங்களே, வேற ஆரு செய்வாங்கன்னு தோணிப்போச்சுங்க. கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு கேக்கலீங்க." பிறகு, ஒரு வீட்டில் இரண்டு இருந்தால் இரண்டையும்தானே புதிதாக வைத்திருக்கவேண்டும் என்று, பிரவுசிங் சென்டருக்குப் போய் அங்கே இருந்தவரைக் கேட்டு, பச்சைப் பொட்டுக்கு உரிய அப்டேட்டை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதுதான் இரண்டாவது பிளாப்பி. கம்பெனி போன பிறகு அது மட்டும்தான் மிஞ்சியது. தன் மற்ற வாடிக்கைக்காரர்கள் எல்லாருக்கும் அதையே போட்டுக் கொடுத்து, மாதாமாதம் போய்ப் புதுப்பித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

"கம்பெனிதான் போயிருச்சேங்கண்ணா. நீங்க எதுக்கு அலையோணும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வருசத்துக்குன்னு காசு வாங்கியாச்சுல்லங்க தம்பி. கம்பெனி போனாலும் வாங்குன கை இதுதானுங்களே" என்று வலது கையை விரித்துக் காட்டினார்.

எனக்கு அச்சக முதலாளியின் கருந்திரை ஞாபகம் வந்தது. அதே சிடி. ஆனால் அவருக்கு மாதாமாதம் யாரும் டப்பாவில் பிளாப்பி கொண்டு போகவில்லை. அந்தச் சிடி அச்சான பிறகு பிறந்த வைரஸை அந்தச் சிடிக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் பச்சைப் பொட்டுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் சொம்புத் தண்ணீர் கேட்டு என்னை உள்ளே அனுப்பிவிட்டு அல்லவா சொல்லிக் கொடுத்திருக்கிறார்! வீட்டுக்காரர் யாருக்குத் தேங்காய் உடைத்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சண்டை போடவேண்டும் போலவும் இருந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது.

கவரைக் கடைசிவரை அவர் தொடவில்லை. "ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க அம்மணி. ஒரு விசிட்டிங் கார்டு அடிச்சுக் குடுங்க" என்றார். இனிமேல் தனியாகவே செய்யப் போகிறாராம். கடை கடையாகப் போய் இதைப் போட்டுக் கொடுத்து, மாதம் ஒரு தடவை புதுப்பித்து, அலைந்ததற்கு மட்டும் கூலி வாங்கிக்கொள்வது. முப்பது கடைக்காரர்கள் இப்போதே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரலில் அவர்களில் ஒருவருடைய கம்ப்யூட்டரும் சாகவில்லை.

நான் உட்கார்ந்தேன். "இலவச ஆன்ட்டி வைரஸ்னு போட்டுரலாமுங்களா?"

"ஐயோ, அத மட்டும் போட்டுறாதீங்க. சும்மான்னு போட்டா, இவன் எதுக்கு வாரான்னு சந்தேகப்பட்டு ஊட்டுக்குள்ளயே உட மாட்டாங்க" என்றார். வீட்டுக்காரர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

கம்பெனிப் பெயர் இல்லை. படம் இல்லை. நாலு கலர் இல்லை. புள்ளிக்கோடு இல்லவே இல்லை. கார்டின் நடுவில் அவர் பெயரைப் போட்டேன், எங்களிடம் இருந்ததிலேயே தடிமனான எழுத்தில், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் போடுகிற அளவில். அடியில் சின்னதாக 'கம்ப்யூட்டர் பாதுகாப்பு' என்று மட்டும் போட்டு, ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வேறு யாருடைய பெயரையோ படிப்பதுபோலப் படித்தார். காதுவரை சிவந்துபோனார்.

"பேரு ரொம்பப் பெருசா இருக்குதுங்களே அம்மணி. கொஞ்சம் சின்னது பண்ணிப்போடுங்க" என்றார்.

"மாட்டேனுங்கண்ணா" என்றேன்.

ஒரு வருஷமாக அந்த மனிதரிடம் என் வாயிலிருந்து வராத வார்த்தை அது.